சுரண்டி படாத புகையடுப்பு

லாடிஸ் ஓர்சாக்கின் புகையடுப்பில் ஒருநாளும் சுரண்டி பட்டதில்லை என்பது டெக்சஸின் நோவா வெஸ் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சர்ச்சுக்கு நிலம் கொடுத்தது எந்தக் குடும்பம் என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய நடனக் கூடம் மின்னல் விழுந்து எரிந்ததா, இன்சூரன்ஸுக்காக எரிந்ததா என்பதில் மூன்று கட்சி உண்டு. அடுப்பு விஷயத்தில் ஒரே கட்சிதான்.

அதைச் சொன்னவர் லாடிஸே. எண்ணெய்க் கிணற்றில் கழித்துப் போட்ட பெரிய இரும்புக் குழாய் ஒன்றை வெட்டி, அதற்கு ஒரு மூடி வைத்து, ஒரு முனையில் விறகு எரிக்கும் பெட்டியையும் மறு முனையில் புகைபோக்கியையும் வெல்டிங் வைத்து, அடியில் கொழுப்பு வடிய ஒரு சிறு குழாயும் பூட்டி அடுப்பைச் செய்து முடித்த வாரம் அது. சனிக்கிழமை சாயங்காலம் பீர்க் கடையில் எழுந்து நின்று, உள்ளே ஏறுகிற கறுப்புதான் ருசி, அதைச் சுரண்டுகிறவன் ருசியைத்தான் சுரண்டுகிறான், என் அடுப்பில் சாகும்வரை சுரண்டி படாது என்று சொன்னார். கடை நிறைந்திருந்தது. டெக்சஸில் ஒரு மனிதன் நிறைந்த கடையில் மாட்டிறைச்சியைப் பற்றிச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி கிடையாது.

அந்த அடுப்பை வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி ரோசலி.

அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. பால்பண்ணைக்காரரின் மகள். எதையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போனாள். அங்கே அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டைத் துடைப்பது அவள் பொறுப்பு. பிசுக்கு என்பது சும்மா இருக்கிற பொருள் அல்ல, அது வளரும், ஒருநாள் இறங்கி வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

அது இறங்கி வந்தது அவர்கள் மகளின் ஞானஸ்நான விருந்தன்று. அடுப்பின் கூரையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் செதில் உதிர்ந்து, மாட்டு நெஞ்சுக்கறியோடு சேர்ந்து பாதிரியாரின் தட்டுக்குப் போய்விட்டது. ரோசலி பார்த்துக்கொண்டே இருந்தாள். பாதிரியார் அதைக் கடித்து, மென்று, மிளகு தாராளமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். லாடிஸ் நன்றி சொன்னார்.

அந்த வருஷம் செப்டம்பர் முதல் தேதி, புறா வேட்டை தொடங்கும் நாள், லாடிஸ் விடியுமுன்னே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் எல்ராயின் நிலத்துக்குக் கிளம்பினார். அவருடைய பிக்கப் வண்டி வளைவு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு ரோசலி சுரண்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவர் வேட்டைக்குப் போவார், அவள் அடுப்பைச் சுரண்டுவாள். எதைச் சுரண்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று கை பழகிவிட்டது. இரும்போடு இரும்பாக ஒட்டி, மெல்லிசாக, நகத்தால் கீறினாலும் வராமல் பளபளவென்று இருக்கிற கறுப்பு நல்லது. அதைத் தொடமாட்டாள். அதற்கு மேல் வெயிலில் வெடித்த பெயின்ட் மாதிரி தோல் தோலாக எழும்பி நிற்பது, அடியில் தார் மாதிரி ஒட்டுவது, குழாய் வாயை அடைத்துக்கொண்டு ஊசிப்போய் நாறுவது, இவையெல்லாம் போகவேண்டியவை. மூடியின் உட்புறத்தை மட்டும் முழுசாக விட்டுவிடுவாள். லாடிஸ் வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டியது மூடியைத்தான். "பாத்துக்கோங்க, ஒரு கை பட்டதில்ல" என்பார். மூடியைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

சுரண்டி எடுத்ததை வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டுக் கொளுத்துவாள். கொழுப்பு எரிகிற கறும்புகை ஊரெங்கும் தெரியும். யாராவது கேட்டால், சமையலறையின் பழைய தரைவிரிப்பை எரிக்கிறேன் என்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் இதையே சொன்னாள். ஒரு சமையலறையில் எவ்வளவு தரைவிரிப்புதான் இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் தாண்டி லாடிஸ் திரும்பி வருவார். கையில் இரண்டு மூன்று புறா இருக்கும். அவள் அதைப் பன்றி இறைச்சிப் பட்டையில் சுற்றிப் பொரிப்பாள். இருவரும் சாப்பிடுவார்கள். அடுப்பைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் லாடிஸ் கோழித் தீவனம் வாங்கப் போனார். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இருக்கையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ரேடியோவில் போல்கா ஓடிக்கொண்டிருந்ததால் பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் என நினைத்துக் கடைக்காரர் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டார். அந்தத் தீவனம் டிசம்பர்வரை வந்தது.

செப்டம்பர் முதல் தேதி காலையில் வயல் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது ரோசலி கட்டிலில் விழித்துக் கிடந்தாள். எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். அந்த வேலையை அவள் இதுவரை ஒருவருக்குத் தெரியாமல்தான் செய்திருக்கிறாள். தெரியக்கூடாத ஆள் போன பிறகு அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுப்பு எல்ராய்க்கு வந்தது. லாடிஸ் எப்போதோ வாயால் சொன்னதுதான், ஆனால் எல்லோருக்கும் தெரியும். எல்ராய் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சு குறைவு, பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அடுப்பு ரோசலி வீட்டுப் பின்புறத்தில் பெக்கன் மரத்தடியிலேயே இருக்கட்டும், நான் வந்து சமைத்துக்கொள்கிறேன் என்றார். முதல் நாள் தொப்பியைக் கழற்றிவிட்டு மூடிமேல் கை வைத்து, தம்பியின் சொல்லைக் காப்பாற்றுவதாக ரோசலியிடம் உறுதி கொடுத்தார். சுரண்டி இதன் பக்கத்தில் வராது என்றார். ரோசலி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது?

ஈஸ்டருக்குக் கறி கசந்தது. தீயணைப்புக்காரர்களின் விருந்துக்கு இன்னும் கசந்தது. வாயில் வைத்ததும் புகை, அதன் பின்னால் தார், அதற்கும் பின்னால் பழைய எண்ணெய். நோவா வெஸ்காரர்கள் நாகரிகமானவர்கள். யாரும் கசக்கிறது என்று சொல்லவில்லை. வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். இதற்கு முன்னால் அந்த வார்த்தை கிட்டார் வாசித்துப் பூசை வைத்த ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொல்லப்பட்டது. அவர் நான்கு மாதம்கூட ஊரில் இருக்கவில்லை.

சமைக்கிற கை தன்னுடையது, ஆகவே குற்றமும் தன்னுடையது என்று எல்ராய் எடுத்துக்கொண்டார். ஓக் கட்டையை மாற்றினார். உப்பைக் குறைத்தார், கூட்டினார். சமைக்கும்போது பீர் குடிப்பதை நிறுத்தினார். கடைசியில் பாதிரியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து அடுப்பை மந்திரிக்கவைத்தார். அந்த வருஷம் அடுப்பின்மேல் பட்ட தண்ணீர் அந்தத் தீர்த்தம் மட்டும்தான். பட்ட இடத்தில் துருப் பிடித்தது.

ரோசலி எல்லாவற்றையும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் லாடிஸ் பொய்க்காரர் ஆகிவிடுவார். பீர்க் கடையில், சர்ச் படிக்கட்டில், மற்ற ஊர்க்காரர்கள் முன்னால், முப்பது வருஷம் அவர் மூடியைத் திறந்து காட்டியதெல்லாம் பெண்டாட்டி பின்னால் நின்று சிரித்த கதையாகிவிடும். அவள் சிரித்ததில்லை. அதை யார் நம்புவார்கள்? எல்ராயிடம் மட்டும் சொல்லலாம் என்றாலும், அடுத்த ஞாயிறு யாராவது அடுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர் காதே பதில் சொல்லிவிடும்.

லாடிஸின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு ஆகஸ்டில் சாப்பாடு போட்டார்கள். எல்ராய் சமைத்த கறியைத் தட்டுத் தட்டாக மிச்சம் வைத்துவிட்டு எல்லோரும் உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது என்றார்கள். திருவிழாக் குழுத் தலைவர் மார்வின் சிகோரா அன்றைக்குத்தான் பேச்சை எடுத்தார். செப்டம்பர் கடைசி ஞாயிறு புனித வாட்ஸ்லாவ் திருவிழா. இந்தத் தடவை தன் புது மின்சார அடுப்பைக் கொண்டுவருவதாகச் சொன்னார். அதைப் போனிலேயே இயக்கலாம், சூடு குறைந்தால் அதுவே போனில் செய்தி அனுப்பும். லாடிஸின் அடுப்பும் ஒரு ஓரமாக நிற்கட்டும், மரியாதைக்கு.

எல்ராய் அன்று மாலை பிக்கப்பின் பின்னால் எதையோ ஏற்றிக்கொண்டு வந்தார். மார்வின் பட்டறையில் இரவல் வாங்கிய கேஸ் கட்டர். ரோசலி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"திருவிழா முடிஞ்சதும் வெட்டிடறேன்" என்றார்.

"எதை?"

"அடுப்பை. விக்கறதுக்கு மனசில்ல. வாங்கறவன் முதல் வேலையா சுரண்டுவான்."

"இருந்துட்டுப் போகட்டுமே, எல்ராய். கோழியாவது ஏறி உக்காரும்."

"தம்பி அடுப்புமேல கோழி உக்காரக் கூடாது" என்றார் எல்ராய். திருவிழாவில் ஒருமுறை கடைசியாகச் சமைப்பேன், பிறகு துண்டு துண்டாக்கிவிடுவேன், கை வராதவன் வைத்திருப்பது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஆகவே செப்டம்பர் முதல் தேதி, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், ரோசலி எழுந்து லாடிஸின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டாள். எல்ராய் இப்போது வயலில் இருப்பார், மத்தியானம்வரை வரமாட்டார். அதற்குள் முடிந்துவிடும். திருவிழாக் கறி நன்றாக வந்தால் அவர் கட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சுரண்டி வீட்டுப் பின்சுவரில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே உள்ள விளிம்பில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். இந்தத் தடவை அது துருப்பிடித்து, வெண்ணெய் தடவக்கூட லாயக்கில்லாமல் மழுங்கிக் கிடந்தது. வயசாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், சுரண்டிக்கு.

மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் ஒரு அடி பின்வாங்கினாள். இரண்டு வருஷத்துப் பிசுக்கு. கூரையிலிருந்து கறுப்புத் தோல்கள் தொங்கின. அடியில் கொழுப்பு மஞ்சளாக உறைந்து, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. வடிகுழாய் அடைத்தே போயிருந்தது. கம்பித் தட்டுகளை இழுத்துப் புல்லில் போட்டாள். குழாய்க்குள் துணி மாட்டும் கம்பியை நீட்டி விட்டு விட்டுக் குத்தினாள். ஒரு சொட்டும் வரவில்லை. மழுங்கிய சுரண்டியால் கூரையை அரைமணி நேரம் தேய்த்ததில் தோள்தான் தேய்ந்தது.

குளிர்ந்த இரும்பிலிருந்து பிசுக்கு வராது, கொஞ்சம் இளக வேண்டும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். விறகுப் பெட்டியில் சிறு தீ மூட்டினாள். பொறுமை இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பாள். தோள் வலித்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு கட்டை வைத்தாள். சூடு ஏறியதும் வேலை நன்றாகத்தான் நடந்தது. தோல்கள் கை வைத்ததும் உதிர்ந்தன. வாளி நிறைந்தது. இன்னும் சரியாகத் திறக்காத வடிகுழாயைச் சுற்றி உருகிய கொழுப்பு குளமாகத் தேங்கியதைப் பார்த்துக் கம்பியை எடுக்கப் போனாள். திரும்பும்போது அது பற்றிக்கொண்டது.

தீ புகைபோக்கிக்கு மேலே ஒரு ஆள் உயரம் எழுந்தது. ரோசலி கத்தவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். மூடியைக் காலால் தள்ளிச் சாத்தினாள். பெட்டியின் காற்றுக் கதவை அடைத்தாள். தகரத் தட்டு ஒன்றை மண்வாரியின் நுனியால் ஏந்திப் புகைபோக்கியின் வாயில் கவிழ்த்தாள். காற்று இல்லாமல் தீ உள்ளே உறுமியது, பிறகு முனகியது, பிறகு சத்தம் இல்லை. மூடி இடுக்குகளில் மட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் புகை கசிந்து பெக்கன் மரத்தின்மேல் ஏறியது.

அந்த நேரத்தில்தான் எல்ராயின் பிக்கப் வளைவு திரும்பி உள்ளே வந்தது.

அவர் இறங்கி வந்து நின்றார். அடுப்பைப் பார்த்தார். புல்லில் கிடந்த கம்பித் தட்டுகளைப் பார்த்தார். தம்பியின் சட்டையைப் பார்த்தார், அதற்குள் முழங்கைவரை கறுப்பாக இருந்த ரோசலியைப் பார்த்தார்.

"என்ன எரியுது?" என்றார்.

"தரைவிரிப்பு" என்றாள் ரோசலி.

எல்ராய் வாளியைப் பார்த்தார். அதில் இரண்டு வருஷத்து ருசி விளிம்புவரை இருந்தது. அவள் கையிலிருந்த சுரண்டியையும் பார்த்தார். பிறகு ஒரு வெற்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஒவ்வொரு வருஷமும்" என்றாள். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. "மூடியைத் தவிர."

எல்ராய் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இந்நேரம் வயல்ல இருக்கணும்" என்றாள் ரோசலி.

"போயிட்டு சீக்கிரமே திரும்பிட்டேன். வீட்ல உக்கார முடியல. அவன் வர்ற நாள் இன்னிக்கு."

"யாரு?"

"லாடிஸ். இந்த நாள் மத்தியானம்வரை என் சமையலறையிலதானே இருப்பான்."

ரோசலிக்குப் புரியவில்லை. வேட்டைக்குத்தானே வந்தான் என்று கேட்டாள். எல்ராய் இல்லை என்றார். முப்பது வருஷமாக லாடிஸின் துப்பாக்கி வண்டியை விட்டு இறங்கியதே இல்லை. விடியுமுன் வருவார், காபி போட்டுக்கொள்வார், எல்ராய் வயலுக்குப் போய்த் திரும்பும்வரை தனியாக உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்ததும் இருவரும் டாமினோ ஆடுவார்கள். லாடிஸ் மோசமாக ஆடுவார், வாசலையே பார்த்துக்கொண்டு.

"புறா கொண்டுவருவானே" என்றாள் ரோசலி.

"அதெல்லாம் நான் சுட்டது."

அடுப்பில் ஏதோ ஒன்று உள்ளே சடசடத்து அடங்கியது.

"மத்தியானம் ஆயிடுச்சு, கிளம்பேண்டான்னா கிளம்பமாட்டான்" என்றார் எல்ராய். "'இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும், அவ முடிச்சிருக்க மாட்டா'ம்பான்."

"என்னத்தை முடிச்சிருக்க மாட்டான்னு நீ கேக்கலியா?"

"ஒருதரம் கேட்டேன். 'எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ ஒண்ணு பண்றா, அதனால எனக்குத் தெரியாது'ன்னான். அதுக்குமேல நான் கேக்கல." சற்று யோசித்தார். "நீ தலைக்குச் சாயம் போட்டுக்கறேன்னு நெனச்சேன்."

"என் தலையப் பாத்தா சாயம் போட்ட மாதிரியா இருக்கு?"

"சரியா பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

ரோசலி கையிலிருந்த சுரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் இது அந்த விளிம்பில் அரம் போட்டுக் கூராக்கி, எண்ணெய் தடவி இருக்கும். ஜன்னல் பெயின்டைச் சுரண்ட லாடிஸ் தீட்டி வைத்திருக்கிறார் என்றே நினைத்துவந்தாள். அந்த வீட்டு ஜன்னல்களுக்கு அவர் ஒருநாளும் பெயின்ட் அடித்ததில்லை. ஒருமுறை அடித்ததும் கூலியாள்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் ஒருமுறைகூட அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கடையில் எழுந்து நின்று சொன்ன சொல்லை அவர் மீற முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒருநாள், சுரண்டியைத் தீட்டி வைத்துவிட்டு, வீட்டைவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தார்.

காபி போட்டு எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோசலி உள்ளே போனாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. காபிக்குத் தேவையானதைவிட அதிக நேரம் ஓடியது. எல்ராய் எழுந்து உள்ளே போகவில்லை. பிக்கப்பிலிருந்து அரத்தை எடுத்துவந்து, சுரண்டியை முழங்காலில் வைத்துத் தீட்ட ஆரம்பித்தார். துருவை முழுக்க எடுத்தார். விளிம்பைக் கட்டைவிரலால் சோதித்துவிட்டு, மறுபக்கத்தையும் தீட்டினார்.

அவள் காபியோடு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்று எடுத்துக்கொள்ள வசதியாகத்தான் இருந்தது, எல்ராய் அப்படியே எடுத்துக்கொண்டார். நின்றபடியே குடித்தார். தானும் கூட நின்று சுரண்டட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் ரோசலி. "நீ வேட்டைக்குப் போ."

"நான் இங்க வரவே இல்ல, அப்படித்தானே?"

"நீ இப்ப வயல்ல இருக்கே."

"சரிங்க, மேடம்" என்றார் எல்ராய். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுரண்டியைக் குழாய்க்கு மேலே விளிம்பில், அதன் இடத்தில் வைத்தார். பிக்கப் வளைவு திரும்பும்வரை ரோசலி காத்திருந்தாள்.

பிறகு வேலை சுலபமாக நடந்தது. தீ பாதியைத் தின்றிருந்தது. மீதி, கூரான விளிம்பு பட்டதும் பட்டை பட்டையாகக் கழன்றது. வடிகுழாய் ஒருவழியாகத் திறந்து ஒரு பெருமூச்சோடு எல்லாவற்றையும் கக்கியது. சாம்பலை மண்வாரியால் அள்ளினாள். சூடான இரும்பின்மேல் கொதிநீர் ஊற்றி, ஆவி அடங்குமுன் துணியால் துடைத்தாள். சோப்பு போடவில்லை. கம்பித் தட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். பன்றிக் கொழுப்பைத் துணியில் தொட்டு உட்புறம் எங்கும் மெல்லிசாகத் தடவி, திரும்பவும் சிறு தீ வைத்து, அது காய்ந்து இறுகும்வரை விட்டாள். அடியிலிருந்த பழைய கறுப்பு வெளியே வந்தது. மெல்லியது, பளபளப்பானது. நகத்தால் கீறிப் பார்த்தாள். வரவில்லை. மூடியைத் தொடவில்லை.

திருவிழா ஞாயிறு அடுப்பைச் சர்ச் மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். மார்வினின் மின்சார அடுப்பு கூடாரத்துக்குள் மேஜைவிரிப்போடு நின்றது. அது காலையில் இரண்டு முறை மார்வினின் போனுக்குச் செய்தி அனுப்பியது, பூசை நடுவில். எல்ராய் வெளியே, பீர் இல்லாமல், யாரோடும் பேசாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார்.

ரோசலி ஊறுகாயும் வெங்காயமும் பரிமாறும் மேஜையில் இருந்தாள். அங்கிருந்து இரண்டு வரிசையும் தெரியும். முதலில் எல்லோரும் மார்வின் பக்கம் நின்றார்கள். எல்ராயின் கறியை முதலில் வாங்கியவர்கள் சர்ச்சுக்கு நிலம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஒரு கிழவரும் அவர் மகளும். இரக்கத்தால் வாங்கினார்கள். கிழவர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். மறுபடி மெல்ல ஆரம்பித்தார். திரும்பி வந்து இன்னொரு தட்டு கேட்டார். அந்த இன்னொரு குடும்பத்தார் அதைப் பார்த்துவிட்டு, நிலம் விஷயத்தில் விட்டுக்கொடுத்தாலும் கொடுப்போம், இதில் கொடுக்கமாட்டோம் என்கிற மாதிரி வரிசையில் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்குள் மேஜைவிரிப்பும் மார்வினும் மட்டும் இருந்தார்கள்.

கடைசியில் மார்வினும் ஒரு தட்டோடு வந்தார். தட்டைக் காலி செய்தார். துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு, இது லாடிஸின் கறி, இவ்வளவு நாள் என்ன ஆயிற்று என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ரோசலி வெங்காயக் கரண்டியைக் கீழே வைத்தாள். எல்ராயின் காதுகளையே பார்த்தாள்.

எல்ராய் அடுப்பிடம் போய் மூடியை முழுசாகத் தூக்கிக் காட்டினார். அது கன்னங்கரேலென்று இருந்தது.

"பாத்துக்கோங்க" என்றார். "ஒரு கை பட்டதில்ல. எனக்குத்தான் பழக நாளாச்சு."

அவருடைய காது எப்போதும்போல் இருந்தது. அடுப்பு வெக்கையில் காலையிலிருந்தே முகம் முழுக்கச் சிவந்திருந்ததால் காதைத் தனியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. மார்வின் குனிந்து மூடியைப் பார்த்து, மரியாதையோடு தொட்டு, விரலை முகர்ந்தார். அன்று மாலை கூட்டம் கலைந்ததும் எல்ராய் அவருடைய கேஸ் கட்டரைத் திருப்பிக் கொடுத்தார். எதற்கு வாங்கினாய் என்று மார்வின் கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றார்.

அடுப்பைத் திரும்பக் கொண்டுவந்து பெக்கன் மரத்தடியில் நிறுத்தியபோது உள்ளே கொஞ்சம் கனல் மிச்சம் இருந்தது. எல்ராய் வண்டியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்து ரோசலியிடம் நீட்டினார். இரண்டு புறா, இறகு பறித்துச் சுத்தம் செய்தது. ஒன்றாம் தேதி சுட்டது, அன்றைக்குக் கொண்டுவர மனசு வரவில்லை, உறையவைத்து எடுத்து வைத்திருந்தேன் என்றார்.

ரோசலி பையை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"எனக்குப் புறா பிடிக்காது" என்றாள். "கல்யாணமான வருஷத்திலேருந்தே. அவன் கஷ்டப்பட்டு சுட்டுக்கொண்டுவர்றானேன்னு தின்னேன்."

எல்ராய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவனுக்கும் பிடிக்காது" என்றார்.

ரோசலி அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பன்றி இறைச்சிப் பட்டையை எடுத்துவந்தாள். இரண்டு புறாவையும் சுற்றி, கனலுக்கு மேலே தட்டில் வைத்து, மூடியைச் சாத்தினாள். வெந்ததும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்து, எலும்பு மிச்சம் வரும்வரை சாப்பிட்டார்கள்.

"அடுத்த வருஷம் ஒண்ணாம் தேதி கிழமை என்ன வருது?" என்று எல்ராய் கேட்டார்.

"எந்தக் கிழமையானாலும் வேட்டைக்குப் போ" என்றாள் ரோசலி. "முந்தின நாளே அரத்தை எடுத்துக்கிட்டு இங்க ஒருதரம் வந்துட்டுப் போ."